அன்பு இல்ல...!

ஒரு எழுத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைப்பவரா நீங்கள்? போன சித்திரையில் எங்கள் வீட்டு வாசல் வரை வந்திருந்தால் அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

சேலத்தில், கொண்டலாம்பட்டிக்குக் கொஞ்சம் தள்ளி, இரண்டே கால் சென்ட்டில் ஒரு வீடு கட்டினேன். கட்டினேன் என்றால்... நான் கையெழுத்துப் போட்டேன், பேங்க் கட்டியது. இருபது வருஷத் தவணை. இப்போதைக்கு வாசல்படி மட்டும் என்னுடையது; மிச்சமெல்லாம் பேங்க்குடையது. கிரகப்பிரவேசம் முடிந்து, வந்தவர்கள் கொடுத்த பதினோரு சுவர்க் கடிகாரங்களை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் மனைவி கேட்டாள்.

"ஏங்க, வீட்டுக்குப் பேர்ப்பலகை வேண்டாமா?"

தமிழ்நாட்டில் கடைப் பலகைக்குச் சட்டமே இருக்கிறது. தமிழ் முதலில், பெரிதாக, அடுத்து ஆங்கிலம், பிறகு மற்ற மொழி. அளவு விகிதம் 5:3:2. வீட்டுப் பலகைக்கு அப்படிச் சட்டம் கிடையாது. மனைவி சொல்வதுதான் சட்டம். அவள் அக்ரிலிக் பலகை, பின்னால் எல்.இ.டி. விளக்கு என்று செல்போனில் படங்களை ஓட்டிக்காட்டினாள். விலையைப் பார்த்தேன். தவணையை நினைத்தேன். "நானே கையால் எழுதிடறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

நான் பி.காம்.! ஐந்தொகையில் இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும் என்று தெரியும். பலகையிலும் இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும் என்பது அப்போது தெரியாது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் தினம் ஒரு குறள் எழுதிய கை என்ற திமிர் வேறு.

பெயர் என்ன வைப்பது? அப்பாவைக் கேட்டேன்.

அப்பா செவ்வாய்ப்பேட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கெழுதியவர். ரிடையரானபோது பேச்சையும் சேர்த்து ரிடையர் பண்ணிவிட்டார். சாப்பிட்டீங்களா? 'ம்.' மாத்திரை போட்டாச்சா? 'ம்.' தமிழில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்து இருக்கிறது. அவருக்கு ஒன்றே போதும். அன்றைக்கு மட்டும் அதிசயமாக ஒரு முழு வாக்கியம் பேசினார்.

"அன்பு இல்லம்னு வை. உங்கம்மா சொல்லிட்டிருந்த பேரு."

அம்மா போய் ஆறு வருஷமாகிறது.

கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் குடியிருந்தது ஏழு வாடகை வீடுகள். வாடகை வீட்டுக்கு நாம் பெயர் வைக்க முடியாதில்லையா? ஆணி அடிக்கவே ஓனரம்மாவிடம் கேட்க வேண்டும். அதனால் அம்மா கூடவே எடுத்துக்கொண்டு போனது ஒரு சின்னத் தகரம். பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து: 'முருகன் துணை.' 1985-ல் கல்யாணத்துக்கு, அப்பாவின் ஆபீஸுக்கு வந்து போன ஒரு லாரி பெயிண்டர் எழுதிக் கொடுத்தது. வீடு காலி பண்ணும்போது அதைத்தான் கடைசியாகக் கழற்றுவார் அம்மா. புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்னால் அதைத்தான் மாட்டுவார். மாட்டிவிட்டு ஒவ்வொரு தடவையும் சொல்வார்: "சொந்தமா ஒண்ணு கட்டினா இது சாமி ரூமுக்குள்ள போயிடும். வெளிய 'அன்பு இல்லம்'னு போர்டு."

ஏழு தடவை சொன்னார். எட்டாவது வீட்டுக்கு அவர் வரவில்லை.

ஆகவே, ஸார், எழுத உட்கார்ந்தபோது விஷயம் வெறும் பெயிண்ட் சமாசாரமாக இல்லை.

*

இரண்டடி நீளத்துக்குத் தகரம். நீலம் அடித்தேன். காய்ந்ததும் வெள்ளை எனாமலில் பிரஷ்ஷைத் தோய்த்து, இடது ஓரத்திலிருந்து 'அ' போட்டேன். ஆகா, என்ன ஒரு 'அ'! தொந்தியும் தொப்பையுமாக, கல்யாண வீட்டுப் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்த பெரிய மாமா மாதிரி. 'ன்' வந்தது. 'பு' வந்தது. 'இ' வந்து காலை நீட்டி உட்கார்ந்தது. இரண்டாவது 'ல' போடும்போதே வயிற்றைக் கலக்கியது. போட்டு முடித்தேன். பலகை தீர்ந்துவிட்டது. 'ம்' போட அரை இஞ்ச்சுகூட மிச்சமில்லை.

'காயட்டும், ராத்திரி யோசிக்கலாம்' என்று காம்பவுண்டு சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஐந்து ரோடு வரை போனேன். தட்டுவடை செட் சாப்பிட்டால் எனக்கு மூளை வேலை செய்யும்.

திரும்பி வருவதற்குள் ஊரே படித்துவிட்டது. கூரியர் பையன் அலட்டிக்கொள்ளாமல் கேட்டான்: "ஸார், 'அன்பு இல்ல' வீடு இதுதானுங்களா?" எதிர்வீட்டு அக்கா என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தணித்து, "ஏம்மா, வீட்ல எதுனா பிரச்னைங்களா?" என்று விசாரித்திருக்கிறார். யு.கே.ஜி. படிக்கும் மகள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "ஏம்ப்பா அன்பு இல்ல?" என்றாள். ஙே என்று விழித்தேன்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். அப்பா வெளியே வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமான 'ம்'கூட இல்லை. உள்ளே போய்விட்டார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் அப்பாவின் பழைய ஆபீஸில் விசாரித்தேன். "நாமக்கல்லுக்குப் போங்க. அங்க லாரிக்கு எழுதற ஒரு பெரியவர் இன்னும் பிரஷ் பிடிச்சிட்டிருக்கார்" என்றார்கள். ஒரு பையில் என் பலகை. கூடவே அம்மாவின் தகரம்; அதன் பெயிண்ட்டும் உதிர ஆரம்பித்திருந்தது. பஸ் ஏறினேன்.

*

சேலத்திலிருந்து நாமக்கல் சுமார் ஐம்பது கிலோமீட்டர். வழியில் ஆண்டகளூர் கேட்டில் ராசிபுரம் போகிறவர்கள் இறங்குவார்கள். இந்த ராசிபுரத்துக்கும் போர்டு எழுதுவதற்கும் ஒரு சம்பந்தம் உண்டு. ஆர்.கே.நாராயண் பெயரில் இருக்கும் 'ஆர்' இந்த ராசிபுரம்தான். பிறந்தது சென்னை, வாழ்ந்தது மைசூர். ஆனாலும் ஊர் இனிஷியலில் ஒட்டிக்கொண்டது. 1976-ல் அவர் எழுதிய 'தி பெயின்டர் ஆஃப் சைன்ஸ்' நாவலின் ஹீரோ ராமனுக்கு என்ன தொழில் தெரியுமோ? போர்டு எழுதுவது! குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்துக்கு மால்குடி வந்த டெய்ஸிக்காகச் சுவர்களில் எழுதக் கிளம்பி, மனசைப் பறிகொடுக்கிறான்.

நாமக்கல்லும் குறைந்ததல்ல. பக்கத்து மோகனூரில் 1888-ல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ.ராமலிங்கம் பிள்ளை, கவிஞர் என்று பெயர் எடுப்பதற்கு முன்பே ஓவியர். சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்குப் பெயர் நாமக்கல் கவிஞர் மாளிகை. பெயர்ப்பலகை என்றால் இதுவல்லவா பெயர்ப்பலகை!

நாமக்கல்லில் மலைக்கோட்டையையும் ஆஞ்சநேயரையும் விட்டால் கண்ணில் படுவது லாரிதான். கம்பெனியிலிருந்து வெறும் சேசிஸாக வரும் வண்டி, இங்கே பாடி கட்டி, பெயிண்ட் அடித்து, பெயர் எழுதி, முழு லாரியாக ஊர் விட்டுப் போகும். முன்னால் குலதெய்வம், நெற்றியில் குழந்தைகளின் பெயர், பக்கவாட்டில் ஓனர் பெயரும் ஊரும், பின்னால் 'நாம் இருவர் நமக்கு இருவர்'. யோசித்துப் பாருங்கள்... டிரைவருக்கு வீடு அதுதானே! மாசத்தில் பாதி நாள் தூங்குவதும், சில சமயம் சமைப்பதும் அதில்தான். லாரியில் எழுதுவதும் ஒருவகையில் வீட்டுப் பலகைதான்.

பெரியவரை ஒரு பாடி பில்டிங் பட்டறையில் பிடித்தேன். அறுபத்தைந்து வயதிருக்கும். லுங்கியில் எல்லா கலரும் இருந்தது. பையிலிருந்து என் பலகையை எடுத்துக் காட்டினேன். படித்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"உக்காருங்க தம்பி. எங்கிருந்து ஆரம்பிச்சீங்க?"

"அ-விலிருந்து."

"அதானுங்க தப்பு. மொத அ-வைத் தொடறப்பவே கடைசி ம் எங்க உக்காருதுன்னு தெரிஞ்சிருக்கோணும்."

ஒரு சாக்பீஸை எடுத்தார். லாரிப் பலகை ஒன்றின்மேல் பாடம் ஆரம்பித்தது. ஆபீஸ் போகும் அன்பர்கள் ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்க்கலாம் என்பதால் அப்படியே தருகிறேன்.

முதல் பாடம்: எழுத்தை எண்ணாதே, அகலத்தை எண்ணு. தமிழ் எழுத்தில் 'ர'வும் துணைக்காலும் ஒல்லிப் பசங்கள். 'அ', 'இ', 'ன' எல்லாம் வயிற்றுக்காரர்கள். எல்லோருக்கும் ஒரே அளவு இடம் ஒதுக்கினால் ஒருத்தன் திணறுவான், ஒருத்தன் காற்று வாங்குவான். 'அன்பு இல்லம்' கணக்கு இது: அ-வுக்கு 3 பங்கு, ன் 3, பு 2, நடு இடைவெளி 2, இ 3, ல் 2, ல 2, ம் 2. மொத்தம் 19. பலகை 24 இஞ்ச். இரண்டு ஓரமும் இரண்டரை இஞ்ச் விட்டால் மிச்சம் 19. ஒரு பங்குக்கு ஒரு இஞ்ச். எழுத்துக்கு எழுத்து விடும் சந்தும் இதற்குள் அடக்கம். கணக்கு முடிந்தது. ஒரு பி.காம்.காரனுக்கு இது தோன்றாமல் போனதே என்று அசடு வழிந்தேன்.

இரண்டாவது பாடம்: பலகையில் எழுதுவதற்கு முன் பேப்பரில் எழுது. பலகையின் அளவுக்கே பழுப்புக் காகிதம் வெட்டி, பென்சிலால் எழுதி, எத்தனை தடவை வேண்டுமானாலும் அழித்துத் திருத்தலாம். சரியானதும் எழுத்தின் கோடு நெடுக ஊசியால் பொடிப்பொடியாகக் குத்த வேண்டும். காகிதத்தைப் பலகைமேல் ஒட்டி, சாக்பீஸ் தூளைத் துணியில் பொட்டலமாகக் கட்டித் தட்டினால், ஓட்டை வழியே தூள் இறங்கிப் பலகையில் எழுத்து புள்ளிக்கோலமாக வந்துவிடும். கோலம் போடத் தெரிந்த வீட்டில் இதைக் கற்றுக்கொள்வது சுலபம்.

மூன்றாவது: தகரத்தை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட். அப்புறம் எனாமல் இரண்டு கோட். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு முழு நாள். "இந்த ஒரு நாளைத்தான் தம்பி யாரும் கொடுக்கறதில்லை. அடிச்ச சூட்டோட எழுதுவாங்க, அப்புறம் தோலு உரியுதும்பாங்க."

நான்காவது: கை நடுங்காமலிருக்க ஒரு குச்சி. முனையில் துணிப்பந்து கட்டியிருக்கும். அந்தப் பந்தைப் பலகையின் ஓரத்தில் ஊன்றி, குச்சியை இடது கையில் பிடித்து, வலது மணிக்கட்டை அதன்மேல் வைத்து எழுதணும். பிரஷ்ஷை இழுக்கணும், தள்ளக் கூடாது. வளைவை ஒரே மூச்சில் போட ஆசைப்படாமல், மேலிருந்து பாதி, மறுபடி மேலிருந்து மறுபாதி. பெயிண்ட் கெட்டியானால் இரண்டு சொட்டு டர்பன்டைன்.

ஐந்தாவது: புள்ளி கடைசியில். "எல்லாம் எழுதி முடிச்சு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு, கண்ணைச் சுருக்கிப் பார்க்கணும். எங்கயாச்சும் ஓட்டைப் பல்லு மாதிரி தெரிஞ்சா அங்க இடம் ஜாஸ்தின்னு அர்த்தம். எல்லாம் சரின்னா வந்து புள்ளி வைங்க. புள்ளி வெச்சாத்தான் எழுத்து அடங்கும்."

*

டீ சொன்னேன். வடையோடு சம்மதித்தார். பட்டறையின் மறு கோடியில் ஒரு பையன் கம்ப்யூட்டரில் வெட்டிய ஸ்டிக்கரை லாரிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தான். பெரியவருக்கு ஒரு நாள் ஆகும் வேலை, அவனுக்கு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

நான் எங்கோ படித்ததை அவரிடம் சொன்னேன். அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அய்ரஸில் ஃபிலெத்தே என்று ஒரு கலை. குதிரை வண்டிகளில் பூவும் கொடியுமாக அலங்கார எழுத்து எழுத ஆரம்பித்தார்கள். அப்புறம் அது லாரியிலும் பஸ்ஸிலும் ஏறியது. 1975-ல் பஸ்களில் அதற்குத் தடை வந்தது. கலை சாகவில்லை, கடைப் பலகைக்கும் வீட்டுச் சுவருக்கும் இடம் மாறிக்கொண்டது. 2015-ல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் கலாசாரச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது. அதே 2015-ல் நம் நாட்டு லாரி எழுத்துக்கும் ஒரு அரசு உத்தரவு கிடைத்தது. மகாராஷ்டிர அரசு, லாரிகளின் பின்னால் 'ஹாரன் ஓகே ப்ளீஸ்' எழுதக் கூடாது என்று தடை போட்டது. ஹாரன் சத்தம் தாங்கவில்லையாம்!

பெரியவர் கவனமாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "ஏந்தம்பி, அந்த ஊருக்கு ஸ்டிக்கர் வரலைங்களா?"

பதில் தெரியவில்லை. டீயைக் குடித்தேன்.

பிறகு அம்மாவின் தகரத்தை எடுத்துக் கொடுத்தேன். லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். "இது எங்காளுக யாரோ எழுதினதுதான். இந்த ணை-யைப் பாருங்க."

பார்த்தேன். முப்பது வயதுக்காரனான எனக்கு அது வீட்டில் இருந்த தகரம், அவ்வளவுதான். 'துணை'யில் உள்ள 'ணை' நாம் இப்போது எழுதுகிற மாதிரி இல்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். முன்னால் தனியாக ஒரு கொம்பு நிற்காமல், எழுத்தோடு ஒட்டி, யானை தும்பிக்கையைத் தூக்கின மாதிரி ஒரு வளைவு. ணை, லை, ளை, னை நான்கும் அந்தக் காலத்தில் இப்படித்தான். ணா, றா, னாவுக்கும் தனி உருவம் இருந்தது. பெரியார் 1935-லேயே 'குடி அரசு' பத்திரிகையில் இவற்றை மாற்றி எளிமையாக அச்சடிக்க ஆரம்பித்தார். 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு, பெரியாரின் நூற்றாண்டையொட்டி, அதில் பதின்மூன்று எழுத்துகளை அரசாணையாக்கியது. அச்சுக்காரர்களுக்கும் டைப்ரைட்டருக்கும் பெரிய நிம்மதி. பிற்பாடு கம்ப்யூட்டருக்கும்தான். நான் படித்ததெல்லாம் புது எழுத்து. அதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

ஆனால் 1985-ல், ஆணை வந்து ஏழு வருஷமான பிறகும், ஒரு லாரி பெயிண்டரின் கைக்கு அது எட்டவில்லை. கை பழகினபடி தும்பிக்கையைத் தூக்கிவிட்டது.

"இதைப் புது ணை-யா மாத்தி எழுதிக் கொடுத்துடறீங்களா? என் பொண்ணுக்குப் படிக்க வரும்" என்றேன்.

"மாத்தலாமுங்க. அஞ்சு நிமிஷ வேலை." தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை உங்கம்மா எத்தனை வருஷம் பார்த்திருப்பாங்க?"

கணக்குப் போட்டேன். முப்பது வருஷத்துக்குமேல்.

"அப்ப இருக்கட்டும். உதிர்ந்த எடத்துல மட்டும் தொட்டு விடறேன். பாப்பாவுக்கு நீங்க சொல்லிக் கொடுங்க."

அந்த ஐந்து நிமிஷ வேலையை முக்கால் மணி நேரம் செய்தார். பழைய பெயிண்டரின் கோட்டுக்கு வெளியே ஒரு மயிரிழை போகவில்லை. கிளம்பும்போது என் பலகையையும் அவரையே எழுதித் தரச் சொன்னேன், கூலி எவ்வளவானாலும் சரி என்று. தலையை ஆட்டிவிட்டார்.

"நான் எழுதினா நல்லா இருக்கும். நீங்க எழுதினா உங்களுதா இருக்கும். ரெண்டு ஞாயித்துக்கிழமை செலவு பண்ணுங்க தம்பி."

*

இரண்டல்ல, நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆனது. முதல் ஞாயிறு பழைய 'அன்பு இல்ல'வை உப்புத்தாளால் தேய்த்து அழித்தேன். அன்பு இல்லாததை அழிக்க இவ்வளவு தேய்க்க வேண்டுமா என்று தோள்பட்டை கேட்டது. இரண்டாவது ஞாயிறு காகிதமும் ஊசியும். மகள்தான் ஊசி குத்தினாள். பதினேழு இடத்தில் கோட்டைவிட்டு வெளியே குத்தினாள். மூன்றாவது ஞாயிறு கையை நடுங்க வைத்தது 'ன்'. நான்காவது ஞாயிறு மனைவி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இ-க்குப் பக்கத்துல ஓட்டைப் பல்லு" என்றாள். எல்.இ.டி. கேட்ட அதே மனைவி! திருத்தினேன்.

செலவுக் கணக்கு: தகரம், பிரைமர், இரண்டு கலர் எனாமல், பிரஷ், டர்பன்டைன் எல்லாம் சேர்ந்து அக்ரிலிக் பலகை விலையில் கால் பங்குகூட இல்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை. முதலீட்டில் வைத்திருக்கிறேன்.

எழுத்து சுத்தமாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். 'பு' கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. இரண்டு 'ல'வும் இரட்டைப் பிள்ளைகள் அல்ல, ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஆனால் கடைசியில் 'ம்' தாராளமாக, தலையில் புள்ளியோடு, இடம் போக மிச்சத்தோடு உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு நாள் காயவிட்டு, புதன்கிழமை காலை கேட்டுக்குப் பக்கத்தில் மாட்டினேன். அதற்கு முன்னால், அம்மா சொன்ன மாதிரியே, அந்தப் பழைய தகரத்தைச் சாமி ரூமுக்குள் மாட்டியாயிற்று. மகள் அதைப் பார்த்து, "முருகன் து..." வரை படித்து நின்றாள். "அந்த யானை என்னப்பா?" என்றாள். சொல்லிக் கொடுத்தேன்.

சத்தம் கேட்டு அப்பா வெளியே வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அ-விலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு எழுத்தாக, பழைய பேரேட்டில் கூட்டல் சரிபார்க்கிற மாதிரி விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். கடைசி எழுத்தில் விரல் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"ம்" என்றார்.